சிம்னிபீஸில் டெரெக்குக்கு ஓர் இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் பழைய சாமான்கள் விற்கும் ஒரு தருமக் கடையில், ஒரு தமிழ்ப் பெண் பீங்கான் நாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் சோடியைத் தேடிக்கொண்டிருந்தார். சோடி என் பக்கத் தட்டில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது பேசவேண்டுமே என்று, "நாய் பிடிக்குமா அன்ரி?" என்று கேட்டேன்.

"சீ, சனியன்," என்றார். "இது இன்ஸ்பெக்‌ஷனுக்கு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் இருந்திருந்தால் எழுத வந்திருக்கமாட்டேன். ஆக, நாய்கள் உண்மை. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், எல்லர்ஸ்லியின் பழைய மரவீடு ஒன்றில் —"

நிறுத்திவிட்டேன். ஆக்லாந்தில் மழை தூறியது என்று எழுதுவது, மீன் ஈரமாக இருந்தது என்று எழுதுவதைப் போன்றது.

இரண்டாம் தொடக்கம்: "சிம்னிபீஸ் என்பது, குளிர்காயும் அடுப்பைச் சுற்றிச் சுவரில் பொருத்திய மரச் சட்டம் அல்லது கற்சட்டம். இரு பக்கமும் தூண்கள், மேலே ஒரு தட்டு. இப்போது எல்லாரும் இதை மேண்டல்பீஸ் என்கிறார்கள். சிம்னிபீஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அகராதி 'பழைய வழக்கு' என்று போடுகிறது. தமிழில் கணப்பு உண்டு, புகைக்கூடு உண்டு. இரண்டையும் சேர்த்து அலங்காரம் செய்யும் சட்டத்துக்குப் பெயர் —"

இல்லை. தேவைப்படவில்லை. நெருப்புக்கு மேலே நாங்கள் பானையைத்தான் வைத்தோம்.

(இந்தப் பத்தியை அடிக்க மனமில்லை. இந்தக் கதையே அந்தத் தட்டின் மேல்தான் நடக்கப்போகிறது.)

மூன்றாம் தொடக்கம் பரவாயில்லை என்று தோன்றியது. இதோ.

3

ரதிதேவி சிவபெருமானை வாழைப்பழப் பெட்டிக்குள் வைத்தார். அவர்மேல் ஒரு துவாயை விரித்துப் பிள்ளையாரை வைத்தார். முருகன் படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் அதை மட்டும் மகளிடம் கொடுத்தார்.

"கவனம் பிள்ளை. போனமுறை வேலைக் கீறிப்போட்டாய்."

"அது அப்பா."

"ஆர் கீறினாலும் வேல் வேல்தான்."

மகள் கஜானிக்கு இருபத்தைந்து வயது. வேதியியல் படித்துவிட்டுக் குடிநீர் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே குடுவைகளோடுதான் பொழுது போகும். அதற்காகவே அந்த வேலையைத் தேர்ந்தாள். வீட்டிலோ, வெளியுலகத்தோடு பேசும் பொறுப்பு முழுவதும் அவள் தலையில். அப்பா சோதிலிங்கம் பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அம்மா ரதிதேவிக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறை. இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். வீட்டுக்காரிக்கு முன்னால் மட்டும் தெரியாது.

அதற்குக் காரணம் இருந்தது: மொழி தெரிந்தால் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிவரும். முந்தின வீட்டில் விளக்குப் புகை சுவரில் படிந்ததென்று வாடகை முகவர் படம் பிடித்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி அறிவித்தல் வந்தது. (முகவருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் மனிதராகிவிடுவார்.) அது அவர்கள் நியூசிலாந்துக்கு வந்தபின் மாறிய ஐந்தாவது வீடு. எல்லர்ஸ்லியில் ஆறாவது கிடைத்தபோது ரதிதேவி ஒன்றே ஒன்று சொன்னார்: "இனி என்னால சாமியளைத் தூக்கிக்கொண்டு அலைய ஏலாது."

இந்த வீட்டின் முன்னறையில் ஒரு கணப்பு. வாயைப் பலகையால் அடைத்திருந்தார்கள். அதைச் சுற்றி, செதுக்கிய மரத்தில் உயரமாக ஒரு சட்டம். ரதிதேவி அதைக் கண்ட உடனேயே அது சாமித்தட்டு ஆகிவிட்டது. விளக்கு, திருநீற்றுச் செம்பு, ஊதுபத்தி எல்லாம் அங்கே ஏறின.

ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரி பார்வையிட வருவார். வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்லவேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு நாளில் கைலாயம் முழுவதும் உடுப்பு அலுமாரிக்குள் போய்விடும்.

தட்டை வெறுமையாக விடுவதா? பக்கத்துத் தெரு நிர்மலாதேவி, ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர், தலையை ஆட்டினார்.

"காலியா விட்டா சந்தேகம் வரும் லா அக்கா. வெள்ளக்காரங்க வீட்ல பாத்திருக்கேன். ரெண்டு பக்கமும் நாய் பொம்மை, நடுவுல கடியாரம். நம்மளும் அப்படியே வச்சிட்டா முடிஞ்சிச்சு."

"எந்த வீட்டில பாத்தனீங்கள்?"

"டீவியில."

அப்படித்தான் இரண்டு பீங்கான் நாய்கள், ஒரு பித்தளை மெழுகுதிரித் தாங்கி, ஒரு மேசை மணிக்கூடு எல்லாம் வாங்கப்பட்டன. மணிக்கூடு ஓடவில்லை. அதனால்தான் மலிவு.

"நிண்ட மணிக்கூடு வீட்டில இருக்கக்கூடாது. தரித்திரம்," என்றார் ரதிதேவி.

"ஒரு மணித்தியாலம்தானே இருக்கப்போகுது. பிறகு பெட்டிக்குள்ளதானேயப்பா," என்றார் சோதிலிங்கம்.

"பெட்டியும் வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

4

இந்த இடத்தில் வீட்டுக்காரி உள்ளே வரவேண்டும். அவரைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு.

முதலில் மிஸஸ் ஹாதர்லியைக் கெட்டவராக எழுதினேன். விரலால் தூசி தொட்டுப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார். இரண்டு பக்கத்தில் எனக்கே அலுத்துவிட்டது. பிறகு நல்லவராக எழுதினேன். அது இன்னும் மோசம். நல்ல வெள்ளைக்காரக் கிழவியை ஒரு தமிழ்க் கதைக்குள் விட்டால், கடைசிப் பக்கத்தில் எல்லாரையும் மன்னித்துவிட்டுப் போவார். நாம் நன்றி சொல்லவேண்டியிருக்கும்.

கடைசியில் அவருக்குக் குணமே கொடுக்கவில்லை. ஓர் ஆசையைக் கொடுத்தேன். அவர் அந்த வீட்டில் பிறந்தவர். டெரெக் என்பவரைக் கல்யாணம் செய்து அதே வீட்டில் வாழ்ந்தவர். டெரெக் இறந்தபின் சிறிய குடியிருப்பு ஒன்றுக்கு மாறியவர். பார்வையிடுதல் ஒரு சாக்கு. சமையலறையையோ குளியலறையையோ அவர் எட்டியும் பார்ப்பதில்லை. நேரே முன்னறைக்கு வந்து சிம்னிபீஸின் முன்னால் நிற்பார்.

முதல் தடவை வந்தபோது வெகுநேரம் நின்றார்.

"ஒழுங்கான சிம்னிபீஸ் ஒன்றைப் பார்த்து எத்தனை வருடம்!" என்றார். (ஆங்கிலத்தில்தான் சொன்னார். தமிழில் கொஞ்சம் குறைவான மகிழ்ச்சியோடு ஒலிக்கிறது.) முன்பு குடியிருந்தவர்கள் அதில் தொலைக்காட்சியை ஏற்றி வைத்திருந்தார்களாம். அதற்கு முன்னிருந்தவர்கள் சைக்கிள் தலைக்கவசங்களை.

"இப்போது யாரும் சிம்னிபீஸ் என்று சொல்வதில்லை. உனக்குத் தெரியுமா அந்தச் சொல்?"

"தெரியும்," என்றாள் கஜானி. தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் பேச்சு நீளும்.

மிஸஸ் ஹாதர்லி மணிக்கூட்டைத் திருப்பினார். பின்புறக் கதவுக்குள் ஒட்டியிருந்த சின்னத் திறப்பை, அதாவது சாவியை, எடுத்து முடுக்கினார். ஊசலை விரலால் தட்டிவிட்டார். மணிக்கூடு ஓடியது.

"எட்டு நாள் ஓடும். பிறகு முடுக்கவேண்டும். மறந்துவிடாதே," என்றார்.

அடுத்தமுறை வரும்போது ஒரு வெண்கலக் குடுவை கொண்டுவந்தார். அதற்கடுத்தமுறை காய்ந்த லாவெண்டர்ப் பூ. பொய்க்கு ஒரு பெட்டி போதுமென்று தொடங்கியவர்களுக்கு இப்போது மூன்று பெட்டி வேண்டியிருந்தது.

5

முதல் பார்வையிடுதல் முடிந்த அன்று பின்னேரம் சாமிகள் தட்டுக்குத் திரும்பினார்கள். நாய்கள் அலுமாரிக்குப் போயின. சோதிலிங்கம் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தபோது அலுமாரி ஐந்துமுறை அடித்தது.

"என்னது?"

"மணிக்கூடு," என்றாள் கஜானி.

"உதின்ர திறப்பைக் கழட்டி எறி பிள்ளை. வீட்டுக்குள்ள பேய் இருக்கிறமாதிரி."

"எறியவேண்டாம். தாங்கோ இஞ்ச. துலைஞ்சால் அந்த மனுசி கேக்கும்," என்று ரதிதேவி வாங்கிக்கொண்டார். தொலையக்கூடாத சின்னச் சாமான்களுக்கு அவரிடம் ஓர் இடம் உண்டு: தாலிக்கொடியில் குத்திய சட்டையூசிகள். தபால்பெட்டித் திறப்பு, கழன்ற தோட்டின் சுரை எல்லாம் அங்கேதான் தொங்கும். வீட்டுக்காரி வரும் நாளில் மட்டும் இது மணிக்கூட்டுக்குள் திரும்பிப் போகும்.

6

(கதைக்கு வெளியே ஒரு விஷயம். அவசரமாக இருப்பவர்கள் ஏழுக்குப் போகலாம்.

அகராதியில் இன்னும் கொஞ்சம் கீழே வாசித்தேன். சிம்னிபீஸ் என்ற சொல் ஆதியில் சட்டத்தைக் குறிக்கவில்லையாம். அடுப்புக்கு மேலே சுவரில் மாட்டிய படம், சிற்பம், திரைச்சீலை: அதைத்தான் அப்படி அழைத்திருக்கிறார்கள். பிற்பாடுதான் பெயர் கீழிறங்கிச் சட்டத்துக்கு வந்திருக்கிறது. அந்தப் பழைய கணக்கின்படி, எல்லர்ஸ்லியிலேயே அசல் சிம்னிபீஸ் ரதிதேவியின் முருகன் படம்தான்.

இதைக் கஜானி கண்டுபிடித்து மிஸஸ் ஹாதர்லியிடம் சொல்வதாக ஒரு காட்சி எழுதினேன். எல்லாரும் நெகிழ்ந்தார்கள். எடுத்துவிட்டேன். அகராதியைப் பார்த்து ஒரு வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.)

7

நான்காம் வருடம், செப்டம்பரில், மிஸஸ் ஹாதர்லி வழக்கம்போல் மணிக்கூட்டை முடுக்கினார். பிறகு வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்தார். ரதிதேவி தேநீரும் அவர் முன்னால் மட்டும் வைக்கும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

பாட்டனி டவுன்ஸில் முதியோர் கிராமம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறதாம். புத்தம்புதுக் கட்டடம். சூடாக்குவதற்குச் சுவரில் ஓர் இயந்திரம். சிம்னிபீஸ் கிடையாது.

"டெரெக்கை எங்கே வைப்பது? யன்னல் விளிம்பில் வைக்கலாம் என்கிறார்கள். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது."

கஜானி தலையாட்டினாள். டெரெக் எரிக்கப்பட்டவர் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவருடைய சாம்பல் இங்கேதான் இருக்கவேண்டும். இந்தச் சிம்னிபீஸில். கடிகாரத்துக்குப் பக்கத்தில்." கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிட்னியில் இருக்கிற என் மகன் இந்த வீட்டை விற்கச் சொல்லி நிற்கிறான். இந்தத் தெருவில் எல்லாரும் விற்கிறார்கள். ஆனால் அப்பா உள்ளே இருக்கிற வீட்டை விற்க அவனுக்குத் துணிச்சல் வராது. டெரெக் இங்கே இருக்கும்வரை நீங்களும் இருக்கலாம். உன் பெற்றோருக்குச் சம்மதமா?"

கூச்சமுள்ளவர்களின் பெரிய துன்பம் இது: இல்லை என்பதற்குக் காரணம் சொல்லவேண்டும், ஆம் என்பதற்கு வேண்டாம். "நிச்சயமாக," என்றாள் கஜானி.

"என்னவாம்?" என்று, பாதிதான் காதில் விழுந்த ரதிதேவி கதவோரத்திலிருந்து கேட்டார்.

"அவவின்ர மனுசன் இஞ்ச வந்து இருக்கப்போறாராம்."

"வரட்டும். என்ன சாப்பிடுவாராம்?"

"அவர் செத்திட்டார் அம்மா."

ரதிதேவியின் முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை. வீட்டுக்காரி போகும்வரை அங்கேயே நின்றது.

8

"சாம்பல்? மனுசச் சாம்பல்?"

"ஓம்."

"சாமித்தட்டில?"

"அவவுக்கு அது சாமித்தட்டெண்டு தெரியாதே அம்மா. நாய்த்தட்டு எண்டுதான் தெரியும்."

சோதிலிங்கம் சமாதானம் பேசப் பார்த்தார். "நாங்கள் நெத்தியில பூசுறதும் சாம்பல்தானேயப்பா."

"அது சாணிச் சாம்பல். இது டெரெக்."

யாரும் சிரிக்கவில்லை. (நீங்கள் சிரித்திருந்தால் பரவாயில்லை. எழுதும்போது நானும் சிரித்தேன்.)

"எங்கட அப்பாவின்ர சாம்பலை வீட்டுப் படியேத்தாமல் நேர கீரிமலைக் கடலில கரைச்ச ஆக்கள் நாங்கள்," என்றார் ரதிதேவி. "பெத்த தேப்பனுக்கு இல்லாத இடம், முன்னப்பின்ன தெரியாத மனுசனுக்கோ? அதுவும் முருகனுக்குப் பக்கத்தில?"

"அப்ப ஏலாதெண்டு சொல்லுவம். வீட்டை விடுவம்," என்றார் சோதிலிங்கம்.

"வீட்டை விடச் சொல்லி நான் சொன்னனானே?"

"வேற என்ன வழி? ஏழாவது வீடு பாக்கவேண்டியதுதான். வெஸ்ட்கேட் பக்கம் புதுசு புதுசாக் கட்டுறாங்கள்."

"அங்க சிமிலித் தட்டு இருக்கோ?" கேட்டபின்தான் ரதிதேவிக்குத் தான் கேட்டது உறைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

கஜானி மெல்லச் சொன்னாள்: "நாயளோட அவரையும் அலுமாரிக்குள்ள வைப்பம். அவ வரேக்க மட்டும் எடுத்து வைக்கலாம்."

ரதிதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "செத்த மனுசனை உடுப்புக்குள்ள ஒளிச்சு வைக்கிறதோ? அவர் உனக்கு என்னடி செய்தவர்?"

ஆக, டெரெக் தட்டில் இருக்கக்கூடாது. அலுமாரியிலும் இருக்கக்கூடாது. இவர்கள் வீட்டைவிட்டுப் போகவும் கூடாது. முடிவைச் சொல்லவேண்டிய ஆள் வழக்கம்போல் கஜானி.

9

முடிவு அ. கஜானி தொலைபேசியில் உண்மையைச் சொல்கிறாள். மிஸஸ் ஹாதர்லி சிறிது மௌனத்துக்குப் பின், "எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், குழந்தாய்," என்கிறார். எழுதும்போதே பின்னணியில் வயலின் கேட்டது. அடித்துவிட்டேன். நான்காம் பகுதியில் அவரை நல்லவராக்கமாட்டேன் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

முடிவு ஆ. சம்மதிக்கிறார்கள். சாம்பல் பெட்டியைக் கராஜில் வைத்து, தினமும் சோதிலிங்கம் வேலைக்குப் போகும்போது அதற்கு ஒரு வணக்கம் சொல்லி, நாளடைவில் காற்பந்து முடிவுகளையும் சொல்லி, ஒருநாள் —

இல்லை. இது சோதிலிங்கத்தின் கதையாகிக்கொண்டு போகிறது. கேட்டால் அவர் சந்தோஷப்படுவார்.

முடிவு இ. மறுக்கிறார்கள். தொண்ணூறு நாள் அறிவித்தல் வருகிறது. வீடு ஏலத்தில் போகிறது. வாங்கியவர்கள் சுவரை இடித்து, சிம்னிபீஸைப் பிடுங்கி, முன்னறையையும் சமையலறையையும் ஒன்றாக்குகிறார்கள். ரதிதேவி வாழைப்பழப் பெட்டிகளைத் தேடுகிறார். அந்த ஆண்டுகளில் ஆக்லாந்தில் எது நடந்திருக்குமோ அதுதான் இது. ஆனால் இந்த முடிவில் நாய்களுக்கு வேலையே இல்லை. நாயிலிருந்து தொடங்கிய கதைக்கு அது துரோகம்.

10

ஆகவே, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறோம்.

மிஸஸ் ஹாதர்லி டெரெக்கைக் கொண்டுவருவதாகச் சொன்னது நவம்பரில் ஒரு ஞாயிறு. சனிக்கிழமை தொலைபேசியில் பேசிவிடுவதாகக் கஜானி பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். என்ன சொல்வது என்று வாரம் முழுவதும் ஆய்வுகூடக் குடுவைகளிடம் சொல்லிப் பார்த்தாள். "எங்கள் வழக்கப்படி" என்று தொடங்கும் வாக்கியம் அது. அதற்குமேல் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம். ரதிதேவி முழுகி, சாமித்தட்டில் விளக்கேற்றியிருந்தார். சிவன், பிள்ளையார், முருகன், செவ்வரத்தம்பூ, திருநீற்றுச் செம்பு, சாம்பிராணிப் புகை. சோதிலிங்கம் சட்டையில்லாமல் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். அழைப்புமணி அடித்தது. நிர்மலாதேவியாக இருக்கும் என்று கஜானி போய்த் திறந்தாள்.

மிஸஸ் ஹாதர்லி நின்றார். கையில் ஒரு சூப்பர்மார்க்கெட் பை. அதற்குள் மரப்பெட்டி ஒன்றின் மூலை தெரிந்தது.

"மன்னிக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றுதான் என்னைக் கூட்டிவர வசதிப்பட்டது."

கஜானி கதவைக் கொஞ்சம் சாத்தப் பார்த்தாள். பழைய மரவீடு; வாசலில் நின்றால் முன்னறை முழுவதும் தெரியும். தேவாரம் பாதியில் நின்றது. சோதிலிங்கம் ஒரு துவாயை இழுத்து நெஞ்சை மூடினார்.

மிஸஸ் ஹாதர்லி பார்த்தார். கஜானியைத் தாண்டி, சுடரைப் பார்த்தார். சுவரில், வழக்கமாக அவர் வருமுன் துடைத்துவிடும் புகை கறுப்பாக ஏறியிருந்த இடத்தைப் பார்த்தார். நாய்கள் இருக்கவேண்டிய இரு மூலைகளையும் பார்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நானே முடித்துவிட்டதாக ஆகிவிடும்.

"என் கடிகாரம் எங்கே?" என்றார்.

அது அவருடைய கடிகாரம் அல்ல என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கஜானி வாயைத் திறந்தாள். "எங்கள் வழக்கப்படி —"

அப்போது அலுமாரி அடித்தது.

படுக்கையறையிலிருந்து, உடுப்புகளுக்கு நடுவிலிருந்து, மெல்லிய குரலில், நிதானமாக. ஒன்று. இரண்டு. எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆறு அடித்து ஓய்ந்தது. கஜானி கைமணிக்கூட்டைப் பார்த்தாள். ஆறு மணிதான். ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை.

மிஸஸ் ஹாதர்லி அதைக் கடைசியாக முடுக்கியது செப்டம்பரில். அது எட்டு நாள்தான் ஓடும். இந்தக் கணக்கைக் கஜானி போட்டாள். வாசலில் நின்றவரும் அதையே போட்டார் என்பது அவர் புருவத்தில் தெரிந்தது.

கஜானி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். ரதிதேவியின் கை, அவருக்குத் தெரியாமலே, தாலிக்கொடியின் ஊசிகளுக்குப் போயிருந்தது.

"நிண்ட மணிக்கூடு வீட்டில இருக்கக்கூடாது," என்றார், யாரையும் பாராமல்.

"உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் மிஸஸ் ஹாதர்லி.

"அவ என்ன கேக்கிறா?" என்று கேட்டார் ரதிதேவி.

இருவரும் கஜானியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். சொல்லவேண்டிய வாக்கியம் அவளிடம் இல்லை. என்னிடமும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். விளக்கு எரிகிறது. டெரெக் வாசற்படிக்கு வெளியே இருக்கிறார். உள்ளே அவருக்குத் தட்டில் ஓர் இடம் உண்டா, வேறெங்காவது உண்டா, இல்லையா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். மிஸஸ் ஹாதர்லிக்கு எண்பத்திரண்டு வயது. பை பாரம்.